இருபத்துமூன்று ஏ ஜன்னலில் ஒரு மூக்கு

விமானத்தில் பயணிகள் விட்டுச்செல்லும் பொருள்களில் முதலிடம் மூக்குக்குத்தான். பதினோரு வருஷமாக அந்த மூக்குகளைத் துடைத்து வருபவள் ஸ்ப்ரே அக்கா என்பதால் இதில் மறுபேச்சுக்கு இடமில்லை.

அவளுக்கென்று சொந்தமாக ஒரு பெயர் உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. விமானம் துடைக்கும் குழுவில் கையில் என்ன இருக்கிறதோ அதுதான் பெயர். வேக்குவம் பிடிப்பவர் வேக்குவம் அண்ணன். சீட் பெல்ட்டுகளைக் குறுக்காக மடித்துவைப்பவள் பெல்ட். எதையும் தொடாமல் வாசலில் நின்று மணி பார்ப்பவர் ஸ்டாப்வாட்ச், அவர் மேலதிகாரி.

ஒரு விமானம் இறங்கி, அடுத்த கூட்டம் ஏறுவதற்குள் அவர்களுக்குக் கிடைப்பது பதினான்கு நிமிஷம். அதற்குள் இடப்பக்க ஜன்னல்கள் அத்தனையும் ஸ்ப்ரே அக்காவின் பொறுப்பு. மூடியைத் தூக்கு, புஸ்ஸென்று அடி, துடை, அடுத்தது. கண்ணாடியில் பட்டாணி அளவுக்கு ஒரு மங்கல் இருந்தால் மூக்கு. அதற்கு மேலே பூரி வட்டத்தில் பரவியிருந்தால் நெற்றி. கீழே ஐந்து புள்ளி இருந்தால் குழந்தை. சில ஜன்னல்களில் மட்டும் ஒரு தடமும் இருக்காது. மூடி அடிவரைக்கும் இறங்கியிருக்கும். அந்த இருக்கையின் கைப்பிடியில் வேர்வை காய்ந்து, விரல் விரலாக வரி விழுந்திருக்கும். ஆக, உலகத்தில் மூக்கு ஜன்னல், கைப்பிடி ஜன்னல் என்று இரண்டு வகை. ஏன் அப்படி என்று யோசிக்கப் பதினான்கு நிமிஷம் போதவில்லை.

ஆனால் ஒரு கேள்வியை மட்டும் குழு விடவில்லை.

"அப்படி என்னத்தக்கா பாக்குறாங்க?" என்பாள் பெல்ட். "மூக்கு நசுங்குற அளவுக்கு?"

"மேகமா இருக்கும்" என்பார் வேக்குவம் அண்ணன்.

"மேகம் கீழயிருந்தே தெரியுதே அண்ணே. அதுக்கு எதுக்கு மூக்கு?"

இந்தக் குழுவில் ஒருவர்கூட விமானத்தில் பறந்ததில்லை. ஒரு நாளைக்கு ஒன்பது விமானத்துக்குள் போய்வருகிறவர்கள். ஒன்பதிலிருந்தும் ஏறிய இடத்திலேயே இறங்கிவிடுகிறவர்கள்.

அந்த வருஷம் சிறந்த துப்புரவாளர் விருது ஸ்ப்ரே அக்காவுக்குக் கிடைத்தது. ஒரு கண்ணாடிக் கோப்பை, கைதட்டல், ஒரு விமான டிக்கெட். போவதற்கு மட்டும்தான். திரும்பி வருவது விருதில் சேராது என்று அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

"அந்த ஊருல யாரு இருக்கா நமக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

"யாருமில்ல."

"போயி?"

"ஒரு டீ குடிச்சுட்டு ரயிலேறிடுவேன்."

"ரெண்டு மணி நேரம் போயி, பதினாறு மணி நேரம் ரயில்ல வரப்போறியா? எதுக்கு?"

"ஜன்னலுக்கு."

 அவர் ரயிலுக்குப் போர்வை எடுத்துக்கொள்ளச் சொன்னார். பேச்சு முடிந்தது.

இருக்கையைத் தேர்வு செய்ய மூன்று நாள் எடுத்துக்கொண்டாள் ஸ்ப்ரே அக்கா. பதினொன்றாம் வரிசையில் ஜன்னலுக்கான இடம் இருக்கும், ஜன்னல் இருக்காது, வெறும் சுவர். பன்னிரண்டிலிருந்து இருபது வரை எட்டிப்பார்த்தால் இறக்கைதான். மற்ற வரிசைகளில் ஜன்னல் தோளுக்குப் பின்னால் போய்விடும். கழுத்தைப் பிழிந்து பார்க்கவேண்டும். இருபத்துமூன்று ஏ ஒன்றில்தான் ஜன்னல் நேராக முகத்துக்கு வரும். அதோடு இடப்பக்கம், காலை விமானத்தில் அந்தப் பக்கம் வெயில் அடிக்காது. ஒரே குறை, அதன் மூடி முரண்டு பிடிக்கும். அடிவரைக்கும் இறக்கிவிட்டால் அப்புறம் லேசில் மேலே வராது. ஆறு மாதமாக எழுதிக்கொடுத்தாயிற்று. 'கவனத்தில் உள்ளது' என்று பதில் வந்தது. போகட்டும், மூடியை இறக்குகிற வேலையே நமக்கு வராதே என்று அந்த இடத்தையே கேட்டு வாங்கினாள்.

விமானத்துக்குள் போனாள். இருபத்துமூன்று பி-க்குரியவர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். முகத்தில் மூக்குதான் முதலில் வந்தது. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் மெதுவாக வந்தன. அக்குளில் செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகம்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. ஜன்னல் சீட்டை எனக்குத் தர முடியுமா?"

"சரிங்க சார்" என்றாள் ஸ்ப்ரே அக்கா.

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது கேட்டது. அவளை நொந்து பயனில்லை. பதினோரு வருஷமாக விமானத்துக்குள் யார் எதைக் கேட்டாலும் சரிங்க சார்தான். மூளையைக் கேட்காமல் நேராக வாயிலிருந்து கிளம்புகிற வார்த்தை அது. அவர் நன்றி சொல்லி, புகுந்து, உட்கார்ந்து, பெல்ட்டும் போட்டுவிட்டார். மூன்று நாள் யோசனை, ஒரே ஒரு சரிங்க சாரில் காலி.

நடு இருக்கையில் உட்கார்ந்தாள். நடைபாதையோரம் மடிக்கணினியோடு ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். இருபத்தைந்து வயது, இரண்டு போன், ஒரு பெருமூச்சு.

பரவாயில்லை, எட்டிப் பார்க்கலாம் என்று ஸ்ப்ரே அக்கா நினைத்த அதே நொடியில், மூக்குக்காரர் ஜன்னல் மூடியைப் பிடித்தார்.

"சார், கிளம்பும்போது ஜன்னல் திறந்துதான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள் பணிப்பெண்.

அவர் விதியை மீறவில்லை. மூடியை விட்டுவிட்டு, அந்தச் செங்கல் புத்தகத்தைத் தூக்கி ஜன்னலில் சாத்தி, தோளால் முட்டுக்கொடுத்தார். மூடி திறந்திருக்க வேண்டும் என்றுதானே விதி. புத்தகத்தைப் பற்றி விதி எதுவும் சொல்லவில்லை. புத்தகத்தின் முதுகில் எழுதியிருந்தது: 'திரைச்சீலைகள் - முழு இருட்டு வகை.' திரைச்சீலை விற்பவர்கள் தூக்கிவரும் துணிச் சாம்பிள் புத்தகம்.

இவ்வாறாக, ஸ்ப்ரே அக்கா வாழ்க்கையில் முதன்முறையாகத் தரையை விட்டுக் கிளம்பியபோது அவள் கண்டது சாம்பல் நிறத்தில் ஒரு சாம்பிள் துணி.

விமானம் மேலே போனதும் அவர் புத்தகத்தை எடுத்துவிட்டு, மூடியை இரண்டு கையாலும் அடிவரைக்கும் அறைந்து இறக்கினார். 'டக்' என்றது. அந்த டக் என்னவென்று அந்த விமானத்தில் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

"சார், கொஞ்சம் திறந்து வைக்கலாமா?"

"தூங்கணும்மா. ரெண்டு நாளா தூக்கமில்ல."

கண்ணை மூடிக்கொண்டார். ஸ்ப்ரே அக்காவுக்கு அழுகை வரும்போல் இருந்தது. நாளை மறுநாள் காலை பெல்ட் வாசலிலேயே நிற்பாள். என்னத்தக்கா பாத்தே என்பாள். மூடியப் பாத்தேன்டி, நாம தினமும் துடைக்கிற அதே மூடி, கறைகூட அங்கேயேதான் இருக்கு என்று சொல்லவேண்டும். அடுத்த விருதுக்கு இன்னும் பதினோரு வருஷமோ என்னவோ. அதற்குள் முழங்கால் போய்விடும்.

தலையைக் குனிந்தவள் கண்ணில் அவர் கை பட்டது. தூங்குகிற மனிதர் கைப்பிடியை அப்படிப் பிடிக்கமாட்டார். முட்டியெல்லாம் வெளுத்திருந்தது. விரலுக்கடியில் வேர்வை வரி வரியாக ஊறிக்கொண்டிருந்தது.

அட, கைப்பிடி ஜன்னல்!

பதினோரு வருஷமாகக் காய்ந்த பிறகே பார்த்த வரி, இப்போதுதான் ஈரமாகக் கண்ணெதிரே. இவருக்குத் தூக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. பயம். அதனால்தான் ஜன்னல் சீட்டைக் கேட்டு வாங்கியிருக்கிறார். அங்கே வேறு யாராவது உட்கார்ந்தால் திறந்துவைத்துவிடுவார்களே!

அந்தச் சமயம் இன்ஜின் சத்தம் சட்டென்று அடங்கியது. அவர் கண் திறந்தது.

"நின்னுடுச்சா?"

"எதுங்க சார்?"

"இன்ஜின்மா!"

"அதெல்லாம் நிக்கல. மாடிப்படி ஏறி முடிச்சா நாம மூச்சு வாங்குறதில்லையா, அப்படித்தான். இனிமே சமதரை."

"உங்களுக்கெப்படித் தெரியும்?"

"நான் இதுலதான் சார் வேலை பாக்குறேன். கிளீனிங். மெக்கானிக்குங்க பேசிக்கிறத கேட்டுக்கிட்டே துடைக்கிறது."

அவர் திரும்பி முழுசாக அவளைப் பார்த்தார். ஒரு டாக்டரைப் பக்கத்தில் கண்டுபிடித்த நோயாளியின் பார்வை அது. "அப்ப முதல்ல டொம்முனு ஒண்ணு கேட்டுச்சே?"

"சக்கரத்த மடிச்சு உள்ள வெச்சாங்க."

"இந்த கடகடா?"

"பின்னாடி சாப்பாட்டு வண்டி. லாக் சரியா போடல. எப்பவும் அப்படித்தான் போடுவாங்க."

டிங் என்றது. அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாரோ தண்ணி கேக்குறாங்க சார்."

அவர் மூச்சை விட்டார். "நீங்க என் பக்கத்துல உக்காந்தது தெய்வச்செயல், தங்கச்சி. இன்னொண்ணு, அந்த ஊஊஊன்னு..."

ஸ்ப்ரே அக்கா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக, விமானத்துக்குள் ஒருவர் கேட்டதற்கு அவள் சரிங்க சார் என்று சொல்லவில்லை.

"அண்ணே, ஒரு சத்தத்துக்கு ஒரு விரல்."

"என்ன விரல்?"

"ஜன்னல்ல ஒரு விரல் அளவு திறக்கணும். நீங்க பாக்கவேணாம். நான் பாத்துக்கிறேன்."

அவர் ஊஊஊ-வைக் கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்தார். ஊஊஊ போவதாக இல்லை.

"ஒரு விரல்தான். சுண்டுவிரல்."

முகத்தைத் திருப்பிக்கொண்டு மூடியை இழுத்தார். வரவில்லை. இன்னும் இழுத்தார். "பாத்தியா, வரமாட்டேங்குது" என்றார், அப்படியொரு சந்தோஷத்தோடு. "நான் என்ன பண்ணட்டும்?"

"நகருங்கண்ணே." அவள் குறுக்கே சாய்ந்து, மூடியின் இரண்டு கீழ்மூலையிலும் கட்டைவிரலை வைத்து, உள்பக்கமாக ஒரு அழுத்து, இன்னும் கொஞ்சம் கீழே ஒரு தள்ளு, அப்புறம் மேலே. குழந்தையின் வாயைத் திறப்பதுபோல் அது திறந்தது. சரியாக ஒரு சுண்டுவிரல்.

வெள்ளையாக ஒரு கோடு உள்ளே விழுந்தது.

"ஊஊஊ ஏசிக் காத்து. சொல்லிட்டேன். அடுத்தது?"

"எக்ஸ்க்யூஸ் மீ" என்றது நடைபாதை பக்கம். மடிக்கணினிப் பெண்ணின் திரையில் அந்தக் கோடு குறுக்கே விழுந்திருந்தது. "ஆன்ட்டி, கொஞ்சம் மூடுறீங்களா? ஒண்ணுமே தெரியல. இறங்கின உடனே மீட்டிங்."

திரையில் பெரிய எழுத்தில் இருந்தது: 'அனைவரையும் அரவணைப்போம்.'

"ஒரே ஒரு விரல்தாம்மா திறந்திருக்கு" என்றாள் ஸ்ப்ரே அக்கா.

"அது கரெக்டா என் ஸ்க்ரீன்லதானே விழுது? ஜன்னல் சீட்டு அங்கிளோடது. அவரு சொல்லட்டும்."

"சீட்டு அவங்களோடதும்மா" என்றார் அவர். "நான் கேட்டு வாங்கினேன்."

"அப்ப ஜன்னல் யாருது?"

மூவரும் கொஞ்சநேரம் இதை யோசித்தார்கள். பி-யின் டிக்கெட்டோடு ஏ-யில் உட்கார்ந்திருப்பவர், ஏ-யின் டிக்கெட்டோடு பி-யில் இருப்பவள், இரண்டும் இல்லாமல் வெளிச்சத்தை மட்டும் வாங்கிக்கொண்ட சி. அரவணைக்கும் வழி யாருக்கும் தெரியவில்லை.

மூக்குக்காரர் மூடச் சொல்லியிருக்கலாம். அவருக்கு லட்டு மாதிரி வாய்ப்பு. ஆனால் வெளிச்சம் ஒரு பிரச்சினை என்று யாராவது சொன்னால் திரைச்சீலைத் தொழில் சும்மா விடுவதில்லை. செங்கல் புத்தகத்தை மடியில் விரித்தார். சரசரவென்று புரட்டினார். கறுப்பாக ஒரு சாம்பிள் துணியைக் கிளிப்போடு கழற்றி, மடிக்கணினித் திரைக்கு மேல் மாட்டி, இரண்டு பக்கமும் மடித்துத் தொங்கவிட்டார். நெற்றியில் முந்தானை போட்டதுபோல் ஆயிற்று.

"இப்ப பாரும்மா."

அவள் குனிந்து உள்ளே பார்த்தாள். "வாவ், அங்கிள்!"

"தொண்ணூத்தொன்பது சதவீதம் நிக்கும். மீதி ஒண்ணு எந்தத் துணியிலயும் நிக்காது. அது இருக்கட்டும், தங்கச்சி, இப்ப ஒரு கிரீச்..."

"இன்னொரு விரல்ண்ணே."

அடுத்த ஒரு மணி நேரத்தில் மொத்தம் நாலு விரல் ஆயிற்று. கிரீச்சுக்கு ஒன்று, காலுக்கடியில் நடுங்கியதற்கு ஒன்று, பின்னால் ஒருவர் விட்ட குறட்டைக்கு ஒன்று. குறட்டைக்கு விரல் வாங்கியது அநியாயம் என்று அவர் வாதாடினார். சத்தம் சத்தம்தான் என்றாள் அவள்.

ஆனால் நடுவிலிருந்து நாலு விரலில் தெரிந்தது வெள்ளை. வெறும் வெள்ளை. துவைத்துக் காயப்போட்ட மாதிரி ஒரு வெள்ளை. இதற்கா மூக்கு? கீழே ஏதோ இருக்கிறது. கண்ணாடியோடு ஒட்டிப் பார்த்தால்தான் தெரியும்போல.

ஒலிபெருக்கி கரகரத்தது. இன்னும் இருபத்தைந்து நிமிஷத்தில் தரையிறங்குவோம், சற்று நேரத்தில் பெல்ட் விளக்கு எரியும், எல்லோரும் இருக்கையில் அமரவேண்டும்.

அவ்வளவுதான். விளக்கு எரிந்துவிட்டால் யாரும் எழக்கூடாது. அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். வெள்ளையையாவது பார்த்தோமே என்று சொல்லிக்கொண்டாள். பெல்ட் நம்பமாட்டாள்.

மூக்குக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"ஏன் தங்கச்சி, இந்த ஜன்னல்ல அப்படி என்ன இருக்குன்னு பாக்கத் துடிக்கிற?"

"அதேதாண்ணே எங்க குழுவுல எல்லாரும் கேக்குறாங்க. பதினோரு வருஷமா துடைக்கிறேன். என்ன இருக்குன்னு தெரியாது."

 அவர் மூடியைப் பார்த்தார். கைப்பிடியைப் பார்த்தார். மேலே எரியாத விளக்கைப் பார்த்தார். பிறகு படாரென்று பெல்ட்டைக் கழற்றினார்.

"எந்திரி. சீக்கிரம்."

"அண்ணே, உங்களுக்கு..."

"நான் மூடுன்னா மூடணும். அப்படின்னா சரி."

"சரிங்கண்ணே." இந்தத் தடவை அவளே சொன்னது அது.

மடிக்கணினிப் பெண் முந்தானையோடு கணினியைத் தூக்கிக்கொண்டு நடைபாதையில் நின்றாள். ஸ்ப்ரே அக்கா வெளியே வந்தாள். மூக்குக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கைப்பிடியைத் தடவித்தடவி நடுவுக்கு நகர்ந்தார். அவள் அவர் முழங்காலைத் தாண்டி உள்ளே புகுந்து உட்கார்ந்தாள். டிங். விளக்கு எரிந்தது.

மூடியை முழுக்கத் திறந்து, மூக்கை வைத்தாள்.

கண்ணாடி ஜில்லென்றிருந்தது. கீழே மேகம், வயல் மாதிரி, வரப்பு மாதிரி. இவ்வளவுதானா என்று நினைப்பதற்குள் அதைப் பார்த்துவிட்டாள்.

"ஐயோ!"

"என்னாச்சு? என்னாச்சு? மூடு! மூடிடு!"

"ஒண்ணுமில்லண்ணே, ஒண்ணுமில்ல. நம்மளப் பாத்துட்டேன்."

"என்னது?"

"கீழ மேகத்து மேல, நம்ம பிளேனோட நிழல். கொசு அளவுக்கு இருக்கு. அதச் சுத்தி வட்டமா ஒரு வானவில். முழு வட்டம்ணே, வளையல் மாதிரி. நடுவுல நாம போறோம்."

அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். விமானம் லேசாக உதறியது.

"ஆடுது" என்றார் கைக்குள்ளிருந்து.

அவள் நிழலையே பார்த்தாள். "இல்லண்ணே. ஆடல. உள்ளதான் அப்படி இருக்கு. வெளிய நூல் பிடிச்ச மாதிரி போகுது."

"நெசமா?"

"நான் எதுக்குப் பொய் சொல்றேன்? இப்ப நீங்க எனக்கு விரலா தரணும்?"

 பிறகு அவர் முகத்தை மூடியிருந்த கையில், ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே ஒரு கீற்று விட்டது. சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். அதற்குள்ளிருந்து ஒரு கண் வந்தது.

"வளையல்தான்" என்றார்.

"ஆன்ட்டி, ப்ளீஸ், எனக்கும்" என்று மடிக்கணினிப் பெண் இரண்டு பேர் மடியையும் தாண்டி எட்டினாள். அரவணைப்போம் முந்தானைக்குள் தனியாகக் கிடந்தது. மூன்று தலையும் சேர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிழல் பெரிதாகிக்கொண்டே வந்து, விமானம் மேகத்துக்குள் இறங்கி, இரண்டும் ஒன்றாகிவிட்டன.

தரையிறங்கி நின்றதும் ஸ்ப்ரே அக்கா பழக்கதோஷத்தில் இருபத்துமூன்றிலிருந்து வாசல் வரை ஏழு காலி கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டே வந்தாள். மூக்குக்காரர், "நீ போ தங்கச்சி, புத்தகத்த அடுக்கிட்டு வர்றேன்" என்று பின்தங்கிவிட்டார்.

வாசலுக்கு வெளியே வேறு நிறச் சீருடையில் ஒரு குழு காத்திருந்தது. வேக்குவம், குப்பை மூட்டை, மணி பார்க்கிற ஒருவர். ஸ்ப்ரே பாட்டில் வைத்திருந்தவளை அவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

"ஏம்மா, இந்த பிளேன் திரும்ப எங்க ஊருக்குத்தானே போகுது?" என்றாள், கோப்பைகளைக் கொடுத்தபடி. "இருபத்துமூணு ஏ-ய மட்டும் துடைக்காம விட்டுடு. அங்க துடைச்சுக்குவாங்க. அதுல இருக்கறது என் மூக்கு."

அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். அக்காவின் கட்டைவிரல் இரண்டிலும் இருந்த காய்ப்பைப் பார்த்தாள். "எங்க ஆளு மணி பாத்துக்கிட்டே இருப்பாரு. ஒரு ஜன்னல் குறைஞ்சா அவருக்குச் சந்தோஷந்தான்" என்றாள். "போயிட்டு வாக்கா."

மூன்றரை மணி நேரம் கழித்து, ரயில் நிலையத்தில் இரண்டாவது டீயை ஊதிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. பெல்ட். மூக்கு வருகிற தகவல் முதல் டீயிலேயே அவளுக்குப் போயிருந்தது.

"அக்கா! இருபத்துமூணு ஏ வந்துடுச்சு! மூடி டக்குன்னு மாட்டிக்கிச்சு. பணிப்பெண்ணாலயே திறக்க முடியலயாம். வேக்குவம் அண்ணன்தான் கட்டைவிரல் வெச்சுத் திறந்தாரு."

"கைப்பிடி எப்படி இருக்கு?"

"கைப்பிடியா? பூரா ஈரம். ஏன்?"

"ஒண்ணுமில்ல. திரும்பி வந்தப்ப அங்க உக்காந்தவரு யாரோ, அவரு அடுத்த தடவ பாத்துக்குவாரு. மூக்கு இருக்கா?"

"இருக்கு. ஆனா அக்கா, ரெண்டு மூக்கு இருக்கு. உன்னோடது எது?"

ஸ்ப்ரே அக்கா டீயைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணு ரொம்ப பெரிசா இருக்கா?"

"அத ஏன் கேக்குற! குடமிளகா மாதிரி."

தரையில் நிற்கிற விமானத்திலிருந்துதான் பார்த்திருப்பார். சிமென்ட்டும் நாலு மூட்டை வண்டியும்தான் தெரிந்திருக்கும். இருந்தாலும் மூக்கை வைத்திருக்கிறாரே மனுஷன்!

"சின்னது என்னோடது. ரெண்டையும் பாத்துட்டு அப்புறமா துடை."

"சரிக்கா, சரிக்கா. ஸ்டாப்வாட்ச் முறைக்கிறாரு. சீக்கிரம் சொல்லு. அப்படி என்னத்தத்தான் பாத்தே?"

"அண்ணனையும் கூப்பிடு" என்றாள் ஸ்ப்ரே அக்கா. "ஸ்பீக்கர்ல போடு. ஸ்டாப்வாட்சும் கேக்கட்டும்."